அமெரிக்காவை ரயில்தான் உருவாக்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கொக்குவில் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் வரலாறு படிப்பிக்கிறேன். கோச்சி போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போன கிழமை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குறிப்பில் "ரயில் பாதைகளே அமெரிக்காவை உருவாக்கின" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்தவுடன் ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்: "ரீச்சர், போரால் 1990இலிருந்து 2014 வரைக்கும் இங்கே கோச்சி ஓடவில்லை. அதுக்காக யாழ்ப்பாணம் இல்லாமல் போனதா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பசிபிக் கரை வரை ரயில் பாதை போட 1862இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், கிழக்கிலிருந்து பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பனி, மேற்கிலிருந்து போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பனி, 1869 மே 10இல் யூட்டாவில் புரொமொன்ரரி என்ற இடத்தில் இரண்டு பாதையும் சேர்ந்தபோது அடித்த தங்க ஆணி. இவ்வளவும் தெரியும். ஆனால் அந்த ஆணி அடித்த மறுநாள் சனத்துக்கு உண்மையில் என்ன மாறியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ வாசி:

தங்கச்சி, முதலில் கணக்கைப் பாருங்கள். 1860இல் அங்கே சுமார் 30,000 மைல் பாதை இருந்தது. 1900 ஆகும்போது 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் நியூயோர்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போக மாதக்கணக்கு, 1869க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு கிழமை. மேற்கின் மாடும் கோதுமையும் சிக்காகோவுக்கு வந்தன, பனிக்கட்டி வைத்த பெட்டிகளில் இறைச்சி கிழக்கு நகரங்களுக்குப் போனது. உங்கள் குறிப்பில் உள்ள வரி பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பச்சைக்கொடி:

பிள்ளை, நான் 34 வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவன். அதனால் மைல் கணக்கை விட்டுவிட்டு ஸ்டேசன் மணிக்கூட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருவதுதான் எங்கள் தொழிலின் பெரிய பயம். நான் வேலை பார்த்த காலத்தில் இங்கே தப்லட் வளையம் (அந்தப் பாதைத்துண்டில் போகலாம் என்று ஸ்டேசனில் கொடுக்கும் அனுமதி அடையாளம்) ஓட்டுநர் கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேசனுக்குப் போக முடியாது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் நேர அட்டவணையையும் தந்தியையும் சட்டைப்பைக் கடிகாரத்தையும் நம்பித்தான் ஓட்டினார்கள். ஆனால் எந்தக் கடிகாரம்? ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தையே 12 மணி என்றது. ரயில் கம்பனிகளிடம் மட்டும் ஏறக்குறைய 50 விதமான நேரங்கள் இருந்தன. ஒரே ஸ்டேசன் சுவரில் இரண்டு மூன்று மணிக்கூடு தொங்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

1883 நவம்பர் 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பனிகள் கூடிப்பேசி நாட்டை நேர வலயங்களாகப் பிரித்தன. அன்றைக்கு நியூயோர்க் மணிக்கூட்டைச் சுமார் 4 நிமிடம் பின்னுக்குத் தள்ளினார்கள், சிக்காகோவில் 9 நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். அரசாங்கம் இதைச் சட்டமாக்கியது 1918இல்தான். 35 வருடம் ஒரு நாடு கம்பனிக்காரன் வகுத்த நேரத்தில் எழும்பிச் சாப்பிட்டுப் படுத்தது. நேரத்தை ஒன்றாக்கியும் ஆபத்து தீரவில்லை. 1891இல் ஓகாயோ மாநிலத்துக் கிப்டனில் இரண்டு வண்டிகள் மோதின. ஓட்டுநரின் கடிகாரம் 4 நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஓடியதுதான் காரணம் என்றார்கள். 4 நிமிடம்! அதற்குப் பிறகுதான் ரயில்காரர்களின் கடிகாரங்களைப் பரிசோதிக்கும் முறை கடுமையானது.

உங்கள் பெடியள் இதைச் சுலபமாக விளங்கிக்கொள்வார்கள், வீட்டில் கேட்டால் போதும். 1996இல் கொழும்பு நேரத்தை மாற்றியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது. ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணி பின்னுக்கு. 2006 வரை இதுதான் நிலைமை. "எந்த நேரம், புது நேரமா பழைய நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்குப் போக முடியாது. நேரம் யாருடையது என்ற கேள்வி எங்களுக்குப் புத்தகத்தில் படித்து வந்ததல்ல.

பாதையின் அகலமும் அப்படித்தான். அமெரிக்காவின் தெற்கில் பெரும்பாலும் 5 அடி, வடக்கில் 4 அடி எட்டரை அங்குலம். எங்கள் களனிவெளிப் பாதை சிறுபாதையாக இருந்த காலத்தைக் கண்டவன் நான், அகலம் மாறும் இடத்தில் சரக்கை இறக்கி ஏற்றுவது எவ்வளவு பாடு என்று தெரியும். 1886 மே 31, யூன் 1 ஆகிய இரண்டே நாளில் தெற்கத்தையர்கள் 11,000 மைலுக்கு மேற்பட்ட பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே தள்ளினார்கள். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொழிலாளர்களை நினைத்து எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆகவே "உருவாக்கின" என்பதற்குப் பதில் "பொருத்தின" என்று எழுதுங்கள். துண்டு துண்டாகக் கிடந்ததை ஒரு மணிக்கூட்டிலும் ஒரு அகலத்திலும் பொருத்தியது ரயில். பொருத்தும்போது இடையில் அகப்பட்டவர்களையும் எழுத வேண்டும். கம்பனிகளுக்குப் பாதையோரக் காணியை அரசு தானமாகக் கொடுத்தது. அந்த 1862 சட்டத்துக்கு வந்த 1864 திருத்தத்தின்படி ஒரு மைல் பாதைக்கு 20 சதுர மைல், அதாவது 12,800 ஏக்கர். எங்கள் கணக்கில், ஒரு ஏக்கருக்கு 16 பரப்பாக, 2,04,800 பரப்பு! இங்கே அரைப் பரப்புக்கு வேலிச்சண்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எல்லாக் கம்பனிகளுக்கும் மத்திய அரசு கொடுத்ததைக் கூட்டினால் இலங்கையைப்போல எட்டு மடங்கு வரும். அந்தக் காணி வெறுங்காணி இல்லை. செயென், லக்கோட்டா, போனி என்ற பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த நிலமும் அதில் இருந்தது. ரயில் வந்த பிறகு தோலுக்காக எருமைகளை இலட்சக்கணக்கில் சுட்டு, தோலை அதே ரயிலில் ஏற்றினார்கள்.

கொக்குவில் ரீச்சர்:

நன்றி ஐயா. பரப்புக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இன்னொன்று கேட்க வேண்டும். 1869இல் இரண்டு எஞ்சினும் முகத்துக்கு முகம் நிற்கும் அந்தப் பிரபலமான படத்தில் சனம் நிறைய. ஆனால் மேற்குப் பக்கம் வேலை செய்த சீனர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்?

சாவகச்சேரியான்:

ரீச்சர், அதற்கு நான் எழுதுகிறேன். என் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கர், பென்சன் எடுத்து ஊருக்கு வந்தவர். வீட்டில் அவருடைய வெள்ளைக்கோட்டுப் படம் இருக்கிறது. பாதைக்குக் காடு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள் யாருடைய படமும் இல்லை. அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கூலியாகப் போனவர்கள். நாங்கள் மேசைக்குப் பின்னால் இருந்தோம். இதை எங்கள் ஊரில் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை என்பது என் மனவருத்தம்.

சென்ட்ரல் பசிபிக்கில் 1867அளவில் வேலையாட்களில் பத்துக்கு ஒன்பது பேர் சீனர்கள். சியெரா நெவாடா மலையில் 1,659 அடி நீளச் சுரங்கத்தைக் கருங்கல்லில் குடைந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு அடி முன்னேறினாலே பெரிய காரியம். வெள்ளையர்களுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் கிடைத்தது, சீனர்கள் தங்கள் சம்பளத்திலேயே சாப்பிட வேண்டும். 1867 யூனில் ஆயிரக்கணக்கானவர்கள் அமைதியாக வேலையை நிறுத்தினார்கள். கம்பனியின் சாள்ஸ் குரொக்கர் அவர்களுக்கு வரும் சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு கிழமையில் எல்லாம் முடிந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று கம்பனி ஒழுங்கான பதிவு வைக்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

பச்சைக்கொடி:

சாவகச்சேரித் தம்பி எழுதியது முழுவதும் சரி. பிள்ளை, அந்தப் பெடியனின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ரயில் இல்லாமலும் ஊர் இருக்கும், அவன் சொன்னது உண்மை. எங்கள் வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் அமெரிக்க மிசன்காரர்கள் 1816இல் வரத் தொடங்கியபோது அவர்களுடைய நாட்டிலேயே பயணிகள் ரயில் இல்லை. ஆனால் இருந்த ரயிலைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் அவன் அறியவேண்டும். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், தெற்கு மாநிலமான ஜோர்ஜியாவில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை தண்டவாளங்களைக் கழற்றி, சிலிப்பர் கட்டைகளை எரித்த நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்சி, மரங்களைச் சுற்றி வளைத்துவிட்டுப் போனது. மறுபடி போடக் கூடாது என்பதற்காக.

1990இல் நான் வடக்குப் பாதையில் ஒரு சிறிய ஸ்டேசனில் இருந்தேன். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பிளாற்போமுக்கு முன்னால் சல்லிக்கல் மட்டும் கிடந்தது. தண்டவாளமும் சிலிப்பரும் பங்கருக்குள் போய்விட்டன. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வந்தபோது நான் பிளாற்போமில் நின்றேன். முன்பின் தெரியாதவர்கள் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார்கள்.

கொக்குவில் ரீச்சர்:

ஐயா, வரியை அடித்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் முதலில் அந்தப் பரப்புக் கணக்கைப் பெடியனிடம் கொடுத்துப் போடச் சொல்லப் போகிறேன்.