கண் மங்கிக்கொண்டு போகுது, எக்கவுண்ட்ஸ் வேலை. ஒஃபிஸ்ல சொல்லுறதா விடுறதா?

வெள்ளவத்தை_29:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன் குறை நினைக்காதீங்க. வயசு 29, கொழும்பு கொள்ளுப்பிட்டியில ஒரு பிரைவேட் கொம்பனி, எக்கவுண்ட்ஸ்ல ஆறு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால டொக்டர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்டு சொன்னார், சுருக்கமா ஆர்பி. சின்ன வயசுல இருந்தே இரவில எனக்கு சரியா தெரியாது, வீட்டில "மாலைக்கண், கரட் சாப்பிடு" என்டு விட்டுட்டாங்க, கரட் சாப்பிட்டே வளர்ந்தன். இப்ப பக்கப் பார்வை சுருங்கி சுருங்கி பைப்புக்குள்ளால பாக்கிற மாதிரி இருக்கு.

ஒஃபிஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. பெரியவர் கை குடுக்க கை நீட்டினதை காணாம நின்டதுக்கு பெருமை பிடிச்சவன் என்டு பேர். பக்கத்துல வச்ச பிளேன்டியை எத்தனை தரம் தட்டி ஊத்தினன் என்டு கணக்கில்ல. மாசக் கடைசியில எட்டு மணி வரைக்கும் நிக்க வேணும், அந்த இருட்டுக்குள்ள கோல் ரோட்டில பஸ் நம்பர் தெரியாது, பேவ்மென்ட் எங்க உடைஞ்சிருக்கு என்டும் தெரியாது, கடைசில த்ரீவீலுக்கே சம்பளம் போகுது.

போன மாசம் பேங்க் ரெகன்சிலேஷன்ல, அதான் பேங்க் ஸ்டேட்மென்டையும் எங்கட கணக்கையும் ஒத்துப் பாக்கிறது, ஒரு வரி தாண்டி கீழ் வரிட தொகையை எடுத்து போட்டுட்டன். மனேஜர் கண்டுபிடிச்சு கூப்பிட்டு, "என்ன தம்பி, ஏதும் லவ் பிரச்சினையா?" என்டு கேட்டார். நான் ஓம் என்டுட்டன். இப்ப ஒஃபிஸ் முழுக்க எனக்கு காதல் தோல்வி.

சீமாவில, அந்த எக்கவுண்டன்ட் சோதனையில, இன்னும் பேப்பர் மிச்சம் இருக்கு. அம்மா இதெல்லாம் விட்டுட்டு டீச்சிங் போ, இல்லாட்டி கோல் சென்டர் போ என்டுறா. கண்ணில்லாம எக்கவுண்ட்ஸ் செய்றவங்க உண்மையில இருக்காங்களா? இப்பவே சொல்லுறதா, முடியிற வரைக்கும் மறைக்கிறதா?

ஆறுபுள்ளி:

தம்பி, நான் பிறவியில இருந்தே பார்வை இல்லாத ஆள். சுன்னாகத்தில பார்வை இல்லாத பிள்ளைகளுக்கான வாழ்வகம் இல்லத்தில நிண்டு படிச்சனான், இப்ப கொழும்பில அரசாங்க வேலை. சொல்லுறதா விடுறதா எண்டதை பேந்து பாப்பம், முதல்ல உம்மட வேலைமுறை பிழை.

நீர் எக்செல்லை 200 வீதத்துக்கு பெருப்பிச்சு வச்சிருப்பீர் எண்டு நினைக்கிறன். ஆர்பிக்காரருக்கு அது அநேகமா எதிராத்தான் வேலை செய்யும். பைப்புக்குள்ளால பாக்கிற கண்ணுக்கு எழுத்தை பெருப்பிச்சா ஒரு பார்வைக்குள்ள அடங்கிறது இன்னும் குறையும், அப்ப வரி தாண்டாம என்ன செய்யும்? எழுத்தை சிறுக்க விடும், பின்னணியை கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கும். விண்டோஸ் மக்னிஃபயரை போட்டுட்டு கன்ட்ரோல் ஆல்ட் ஐ அடிச்சா நிறம் மாறும், கண் கூச்சமும் குறையும்.

அடுத்தது என்விடிஏ, ஸ்கிரீன்ல இருக்கிறதை குரலால வாசிச்சு சொல்லுற மென்பொருள். காசில்லை, இறக்கி போடலாம். அவுஸ்திரேலியாவில பார்வை இல்லாத ரெண்டு பெடியள் தொடங்கினது, 2006ல. பார்வை இருக்கேக்கையே பழகும், அதுதான் நான் உமக்கு சொல்லுற பெரிய விஷயம். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் மொனிட்டரை நிப்பாட்டிப்போட்டு காதால மட்டும் எக்செல் செய்யும். முதல் கிழமை அழுகை வரும். தகரப் பேணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி ஒரு குரல், அதுவும் ஓடி ஓடி கதைக்கும். ஆனா நிக்கிற கட்டத்தை மட்டும்தான் வாசிக்கும், வரி தாண்டாது. தலைப்பு வரியில நிண்டு இன்சேர்ட் ஷிஃப்ட் சி அடிச்சு விட்டீர் எண்டா பேந்து எந்த நிரலுக்கு போனாலும் இது டெபிட், இது கிரெடிட் எண்டு முதல் சொல்லிப்போட்டுத்தான் தொகையை சொல்லும்.

காதும் பிழை விடும், அதையும் சொல்ல வேணும். பிஃப்டீனும் பிஃப்டியும் வேகமா போகேக்க ஒண்டு மாதிரித்தான் கேக்கும். சந்தேகம் வந்தா எண் எண்ணா வாசிக்க விட்டு கேளும். நான் ஒருக்கா 15 பக்கெட்டுக்கு 50 ஓடர் பண்ணி போட்டு பட்ட பாடு!

இன்னுமொண்டு, பாமினி. எங்கட நாட்டில தமிழ் லெட்டர் பாதி இன்னும் பாமினி எழுத்துருவிலதான் வருது, அது இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் வடிவத்தை போட்ட பழைய முறை. கண்ணுக்கு "அம்மா", என்விடிஏக்கு அது எம், கே, செமிகோலன், கே, எச். யுனிகோடுக்கு மாத்தித்தான் வாசிக்கலாம். ஸ்கேன் பண்ணின படமெண்டா கூகுள் டிரைவ்ல போட்டு டொக்ஸ்ல திறவும், தமிழையும் ஓரளவுக்கு எழுத்தாக்கி தரும்.

கிளினிக்கை விட்டுடாதேயும். ஆர்பிக்கு மருந்தில்லை எண்டு வீட்டில இருந்திடுறவை, ஆனா அதோட சேர்ந்து வாற கற்றாக்ட், விழித்திரை மையத்தில தண்ணி கட்டுறது, இதுகளுக்கு வைத்தியம் இருக்கு.

தெகிவளை மச்சான்:

ப்ரோ ஆறுபுள்ளி அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனா சொல்லாத. நான் சொன்னன். கண்ணு ரெண்டும் அப்ப இப்ப இருக்கிறதை விட நல்லா இருந்தது, நேர்மையா இருப்பம் என்டு நானா போய் சொன்னன். அடுத்த மாசம் என்ட கையில இருந்த ரெண்டு கிளையன்ட்டையும் எடுத்துட்டாங்க, "உங்களுக்கு கஷ்டம்தானே" என்டு. சம்பளம் குறைக்கல்ல, அதால சண்டை பிடிக்கவும் ஏலாது. நாலு வருஷமா ஃபைல் அடுக்குறன். கோபமா நடத்தினா தாங்கலாம் ப்ரோ, பாவம் பாத்து நடத்துறாங்க பாரு அதுதான் ஏலாது.

2024ல சுகத் வசந்த டி சில்வா பார்லிமென்ட் போனப்போ சொந்தக்காரர் எல்லாம் அந்த நியூஸை எனக்கு ஃபோர்வர்ட் பண்ணினாங்க, பார்வை இல்லாத முதல் எம்பி, பாரு பாரு என்டு. சந்தோஷம்தான். அதே நாள் ஒஃபிஸ்ல எனக்கு வந்தது தலைகீழா ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்.

கொட்டாஞ்சேனை அக்கா:

நான் எச்ஆர்ல பதினோரு வருஷம். தெகிவளை தம்பிக்கு நடந்தது ரொம்ப சாதாரணமா நடக்கிற விஷயம், அத மறுக்க மாட்டேன். ஆனா வெள்ளவத்தை தம்பி, நீங்க ஏற்கனவே ஒரு பிழை விட்டாச்சு. ரெண்டாவது பிழை ஒன்னு பெருசா வந்து, அதுக்கப்புறம் கண்ணுனு சொன்னா எங்க ஆளுங்க காதுல அது சாட்டாத்தான் விழும்.

சட்டம் என்னன்னா, 1996ம் ஆண்டு 28ம் இலக்க சட்டம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இயலாமைய காட்டி பாகுபாடு பண்ணக்கூடாதுனு சொல்லுது. மூனு வீத ஒதுக்கீடுனு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அது 1988ல வந்த சுற்றறிக்கை, 27/88, அரசாங்க வேலைக்கும் கூட்டுத்தாபனத்துக்கும்தான், உங்க கொம்பனிய அது கட்டாது. அதனால சட்டத்த தூக்கிட்டு போய் மேசைல அடிக்க வேணாம், கையில இருக்கட்டும்.

போறப்போ நோய்ப் பேர்ல தொடங்காதீங்க. லெப்டொப்ப கொண்டு போய் மனேஜர் முன்னால என்விடிஏல ஒரு ரெகன்சிலேஷன் செஞ்சு காட்டிட்டு அப்புறம் சொல்லுங்க. கேக்கிறத எண்ணி கேளுங்க, பேங்க் ஸ்டேட்மென்ட் பிரின்ட்ல வேணாம் எக்செல் ஃபைலா வேணும், மாசக் கடைசில லேட்டா நிக்கிறதுக்கு பதிலா காலைல ஆறரைக்கு வர்றேன், இவ்ளோதான். "எனக்கு ஹெல்ப் பண்ணுங்க"ன்னு சும்மா சொன்னா அவங்களா ஒரு ஹெல்ப் கண்டுபிடிப்பாங்க, அதுதான் அந்த ஃபைல் அடுக்குற வேலை. பேசினத அன்னைக்கே ஈமெயில்ல எழுதி அனுப்பிடுங்க, இது முக்கியம்.

அம்மா சொல்ற டீச்சிங், கோல் சென்டர் எல்லாம் நல்ல வேலைதான், ஆனா ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ தூக்கி குப்பைல போட்டுட்டு ஏன்பா போகனும்?

வெள்ளவத்தை_29:

ஆறுபுள்ளி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே 200ல தான் வச்சிருந்தன், எப்பிடி பிடிச்சீங்க! 100க்கு குறைச்சு கறுப்பாக்கினன், வித்தியாசம் இருக்கு. ஒரு கேள்வி, வெள்ளைப் பிரம்பு இப்பவே எடுக்கிறதா? பகல்ல நான் சாதாரணமாத்தான் நடக்கிறன், இரவில மட்டும் பிடிச்சா ஆக்கள் நடிக்கிறான் என்டு நினைப்பாங்களே.

ஆறுபுள்ளி:

நினைக்கட்டும். மடிக்கிற பிரம்பு ஒண்டை பேக்குக்குள்ள போட்டு வையும், இருட்டினா எடும். கையில பிரம்பிருந்தா பஸ் நிப்பாட்டுவான், எந்த பஸ் எண்டு கேட்டாலும் சனம் சொல்லும். பேவ்மென்ட்டில விழுந்து காலை முறிச்சா அதையும் லவ் பிரச்சினை எண்டுதான் சொல்லப்போறீரோ?

வெள்ளவத்தை_29:

ஆறு கிழமைக்கு பிறகு வாறன். நேத்து மனேஜரிட்ட சொன்னன். அக்கா சொன்ன மாதிரி முதல்ல செய்து காட்டினன், ஹெட்ஃபோனை கழட்டிட்டு ஸ்பீக்கர்லயே விட்டன், அந்த தகரப் பேணிக் குரலை கேட்டு பக்கத்து மேசை எல்லாம் எட்டிப் பாத்துது. ஸ்டேட்மென்ட் எக்செல்லா தர ஓகே. காலையில வாறதுக்கு எச்ஆரிட்ட கேக்க வேணுமாம், அது இழுபடும் போல, ஈமெயில் அனுப்பிட்டன். கிளையன்ட் ஒன்டையும் இப்ப வரைக்கும் எடுக்கல்ல, தெகிவளை மச்சான் எடுத்தா வந்து சொல்லுறன்.

எல்லாம் கேட்டுட்டு மனுசன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். பிறகு மெதுவா கேட்டார், "அப்ப அந்தப் பிள்ளை?"