போன் இருந்தும் ரொக்கம் எதற்கு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்: நான்கு பேரின் பதில்கள்

ராத்திரி அவசரமாக மருந்து வாங்கப் போனேன். போனில் பணம் அனுப்பியதும் என் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு மட்டும் வந்து சேரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, கைக்கு வராத பணத்துக்கு மருந்து எப்படித் தருவார்? பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, "முதல்ல மருந்தை வாங்கிட்டுப் போப்பா" என்றார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கழிந்த பணம் திரும்பி வரச் சில நாள் ஆனது.

* * *

மேலே சொன்னது ஒருவருக்கு நடந்தது. நாடு முழுக்கவே நடந்ததும் உண்டு. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் மின்சாரம் போய்விட்டது. பல இடங்களில் கார்டு இயந்திரமும் ஏடிஎம்மும் நின்றுபோயின. கையில் காசு இருந்தவர்களுக்குத்தான் சாமான் கிடைத்தது. அடுத்த மாதமே நெதர்லாந்து மத்திய வங்கி, பெரியவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ என்று வீட்டில் ரொக்கம் வைத்திருக்கச் சொன்னது. ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட ஸ்வீடனே 2018இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில், சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது.

* * *

மின்சாரம் போனால்தான் ரொக்கம் வேண்டும் என்றில்லை. என் அக்காவின் சம்பளம் அவள் கணக்கில்தான் விழுகிறது. ஆனால் வங்கியில் கொடுத்திருப்பது அத்தானின் நம்பர். எதை வாங்கினாலும் எஸ்எம்எஸ் அவருக்குப் போகும். சாயங்காலம் விசாரணை: இது எதற்கு, யாருக்குக் கொடுத்தாய்? அம்மாவின் கண் மருந்துக்குக் கொடுத்ததற்கும் அதே கேள்விதான். அதனால் வீட்டுச் செலவுக்கு வாங்கும் ரொக்கத்தில் மிச்சம் பிடித்து, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவள் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம் அது ஒன்றுதான். டிஜிட்டல் வந்தால் பெண்களுக்குச் சுதந்திரம் என்று பேசுகிறவர்கள், போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

* * *

நான் ரொக்கம் வைத்திருக்கக் காரணம் சாதாரணம்தான். மாதத் தொடக்கத்தில் சில்லறைச் செலவுக்கு ரொக்கமாக எடுத்து வைத்துவிடுவேன். பர்ஸ் மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது, கை தானாக நின்றுவிடும். ஐரோப்பிய மத்திய வங்கியின் 2024 ஆய்விலும் இதைப் பார்த்தேன்: யூரோ நாடுகளில் கடையில் பணம் கொடுக்கும் தடவைகளில் 52 சதவீதம் ரொக்கம். தொகையாகக் கணக்கிட்டால் கார்டு முந்துகிறது. சின்னச் செலவுக்கு அங்கேயும் நோட்டும் நாணயமும்தான்.