தனியாக வீடு எடுத்துப் போகுமுன்: எவ்வளவு சேர்க்கணும், எப்போது கிளம்பணும்?

புதுச்சாவி:
வேலை நிரந்தரமாகியும் அப்பா அம்மாவோடு இருக்கும் பலருக்கும் இருக்கிற கேள்விதான். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் கையில் சேர்ந்துவிட்டால் கிளம்பிவிடலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா? "மனசு சொல்லும்போது போ" என்கிற மாதிரி பதில் வேண்டாம். வீடு பார்த்து, பேசி, குடியேறி, காலியும் செய்து பழகினவர்கள் கணக்கோடு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அது போதாது. அட்வான்ஸ் சேர்ந்த கையோடு கிளம்புகிறவர்களுக்கு முதல் மாதம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் கையைக் கடிக்கும். முதல் மாதம் சேமிப்பில் ஓடிவிடுகிறது. குடியேறின வாரத்தில் கார்டைத் தேய்த்து வாங்கின திரை, பக்கெட், மெத்தை எல்லாம் அடுத்த மாத பில்லாக வரும். முதல் மின்கட்டணமும் அப்போதுதான் வரும். வாடகையோ மாதம் பிறந்ததுமே கொடுத்தாக வேண்டும்.

தொகை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் விகிதத்தில் சொல்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 100 என்று வையுங்கள். வாடகை 28. மின்சாரம், தண்ணீர், இணையம், பராமரிப்புக் கட்டணம் சேர்த்து 9. சாப்பாடும் மளிகையும் 20. போக்குவரத்து 8. போன், மருந்து, காப்பீடு 5. அப்பா அம்மாவுக்குத் தருவது 10. ஆக 80. மீதி 20ல் பாதி சேமிப்பு, பாதி துணிமணி, நண்பர்கள், திடீர்ச் செலவு. வாடகை 30ஐத் தாண்டினால் முதலில் சாவது அந்தச் சேமிப்புதான். கடன் தவணை இருந்தால் வாடகையும் தவணையும் சேர்த்து 45க்குள் நிற்கட்டும்.

இப்போது இலக்கு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்றால் 84, முதல் மாத வாடகை 28, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 28, வண்டியும் சுமைகூலியும் 10, அடிப்படைச் சாமான் 50. மொத்தம் 200. இது குடியேறும் செலவு மட்டும்தான். இதற்கு மேல் மூன்று மாத அத்தியாவசியச் செலவு, அதாவது 80ஐ மூன்றால் பெருக்கி 240, கையிருப்பாக இருக்க வேண்டும். ஆக 440. கிட்டத்தட்ட நாலரை மாதச் சம்பளம். மாதம் 40 ஒதுக்கினால் 11 மாதம் ஆகும்.

அட்வான்ஸைச் சேமிப்பு என்று நினைக்காதீர்கள். அவசரத்துக்கு எடுக்க முடியாது. காலி செய்யும்போது பெயிண்ட், பழுது என்று ஒரு பகுதி போய்விடும். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் பழைய அட்வான்ஸ் பெரும்பாலும் கைக்கு வந்திருக்காது.

ஒத்திகை:
மேலே இருக்கிற கணக்கு சரி. ஆனால் காகிதத்தில் எல்லாருக்கும் கணக்கு சரியாத்தான் வரும். அப்பா அம்மா வீட்டில் இருக்கும்போதே வாடகை கட்டிப் பாருங்க.

சம்பளம் விழுந்த மறுநாள் வாடகை 28, கட்டணங்கள் 9, மளிகை 20, மொத்தம் 57 தானாகவே வேறொரு கணக்குக்குப் போகட்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், போனில் இருக்கிற பணம் அனுப்பும் செயலியோடும் இணைக்க வேண்டாம். மிச்சம் 43ல் உங்க போக்குவரத்து, போன், வீட்டுக்குத் தருவது, ஊர் சுத்துவது எல்லாம். தனியா போனாலும் உங்க கையில் நிக்கப்போறது இதே 43தான். மூணு மாசம் தொடர்ந்து அந்தக் கணக்கைத் தொடாம இருந்தீங்கன்னா அந்த வாடகை உங்களுக்குத் தாங்கும். தொட்டீங்கன்னா, மூணு மாசத்தில் எடுத்ததைக் கூட்டி மூணால் வகுத்து வாடகையில் கழிச்சுக்குங்க. 15 எடுத்திருந்தா மாசம் 5. அப்ப நீங்க பார்க்க வேண்டியது 28 வாடகை வீடு இல்ல, 23 வாடகை வீடு.

இதில் இன்னொரு லாபம், ஒத்திகைப் பணமே சேமிப்பு. மாசம் 57 வீதம் எட்டு மாசத்தில் 456. மேலே சொன்ன 440ஐத் தாண்டிடுது.

பணத்தை எங்க வைக்கிறதுன்னு அடுத்து கேப்பாங்க. ஒரு வருஷத்துக்குள் எடுக்கப்போற பணத்தைப் பங்குச்சந்தையில் போடாதீங்க. விலை இறங்கின சமயம் பார்த்துத்தான் நல்ல வீடு அமையும். வங்கியில் மாதாந்திர வைப்பு போதும். கையிருப்புப் பங்கு மட்டும் நெனச்ச அன்னிக்கு எடுக்கிற மாதிரி இருக்கணும்.

தீர்ந்துபோச்சு:
மளிகை 20 என்று எழுதிவிட்டீர்கள். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? பெற்றோர் வீட்டில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் துணி சோப்புத்தூள் ஒரு பாக்கெட் எத்தனை நாள் வரும் என்று தெரியாது.

ஒரு மார்க்கர் பேனாவைச் சமையலறையில் வையுங்கள். இன்று திறக்கிற எந்தப் பொருளானாலும் மேலேயே தேதி எழுதுங்கள்: எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், பற்பசை, தரை துடைக்கும் திரவம், குப்பைப் பை. தீர்ந்த அன்று உறையைத் தூக்கி எறியுமுன் போட்டோ எடுங்கள். திறந்த தேதி, அளவு, விலை மூன்றும் ஒரே படத்தில் வந்துவிடும். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் பட்டியல் தானே அமைந்துவிடும்.

அடுத்து வகுத்தல். இங்கேதான் தப்பு நடக்கிறது. வீட்டில் நான்கு பேர், ஆகவே எனக்குக் கால்பங்கு என்று போட்டுவிடுவார்கள். சாப்பாடும் சோப்பும் ஓரளவுக்கு அப்படி வகுபடும். இணையக் கட்டணம் வகுபடாது, ஒருவர் இருந்தாலும் முழுசாகக் கட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் ஒருவருக்காகவும் 24 மணி நேரம் ஓடும். பராமரிப்புக் கட்டணமும் அப்படித்தான். மளிகையிலேயேகூட சின்னப் பாக்கெட்டுக்குக் கிராம் விலை அதிகம். பெரிய பாக்கெட் வாங்கினால் தனியாளுக்குப் பாதி கெட்டுப்போகும். வகுத்து வந்த தொகைமேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள், முதல் ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

புதுச்சாவி:
நன்றி. இரண்டு கேள்வி. மாத வருமானம் ஒரே மாதிரி வராதவர்கள் என்ன செய்வது? நண்பரோடு பங்கு போட்டு வீடு எடுத்தால் இந்த இலக்கு பாதியாகுமா?

கணக்குப்பிள்ளை:
முதலாவதற்கு: சராசரி எடுக்காதீர்கள். கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் குறைவாக வந்ததோ அதை 100 என்று வைத்து வாடகை பாருங்கள். கையிருப்பு மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம். 480உம் 200உம் சேர்த்து 680 ஆகிறது. அதிகமாக வந்த மாதங்களின் உபரி முழுக்க அங்கே போகட்டும்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை உறுதியான கடிதம் கைக்கு வராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

மாடிவீடு:
ரெண்டாவதுக்கு நான் சொல்றேன். வாடகையும் இணையமும் பாதியாகும், கையிருப்பு பாதியாகாது. கூட இருக்கிறவர் திடீர்னு கிளம்பிட்டா, அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும் முழு வாடகையும் உங்க தலையில்தான். ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் பேரும் இருக்கணும். ஒருத்தர் பேர் மட்டும் இருந்தா வீட்டுக்காரருக்கு அவர் மட்டும்தான் பொறுப்பு, அட்வான்ஸும் சட்டப்படி அவர் கைக்குத்தான் திரும்பும். யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டாங்க, எத்தனை நாள் முன்னாடி சொல்லிட்டுப் போகணும், சேர்ந்து வாங்கின வாஷிங் மெஷின் யாருக்கு. இந்த மூணையும் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நண்பர்கள்கிட்ட இதையெல்லாம் கேக்கக் கூச்சமா இருக்கும்தான். அட்வான்ஸ் பிரிக்கிற அன்னிக்குச் சண்டை போடுறதுக்கு இந்தக் கூச்சம் தேவலை.

வீடு பார்க்கப் போறப்ப ஒரு தடவை பகல்ல, ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு மேல போங்க. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு ஃபிளஷ் பண்ணிப் பாருங்க. குழாய்த் தண்ணி நூலாயிட்டா அழுத்தம் போதாதுன்னு அர்த்தம். போன் சார்ஜரைக் கையோட கொண்டுபோய் ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்க. சுவரோட அடிப்பக்கம், அலமாரிக்குள்ள பின்பக்கம், ஜன்னல் ஓரம் மூணு இடத்திலும் உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. ஜில்லுன்னு ஈரமா இருந்தா, புது பெயிண்ட் அடிச்ச ஒரே ஒரு சுவர் மட்டும் பளிச்சுன்னு இருந்தா, ஓதம் இருக்குன்னு சந்தேகப்படுங்க. கதவுச் சட்டத்தோட அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப் வெச்சு அளந்துக்குங்க. உள்ள போகாத கட்டிலை வண்டியில் திருப்பி அனுப்பினா அதுக்கும் கூலி உண்டு.

ஒப்பந்தத்தில் நாலு வரியைத் தேடுங்க: குறைஞ்சது எத்தனை மாசம் இருந்தே ஆகணும், காலி பண்ண எத்தனை நாள் நோட்டீஸ், வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறும், அட்வான்ஸ்ல எதுக்கெல்லாம் பிடிப்பாங்க. நாலாவதை "வழக்கம்போல"ன்னு எழுதியிருந்தா ஒத்துக்காதீங்க. வழக்கம் என்னன்னு எழுதச் சொல்லுங்க.

அடுப்படிக் கணக்கு:
பிள்ளைகள் பணக் கணக்கு நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் விட்டுப்போகிற வேலையை யாரும் எழுதவில்லையே.

அப்பாவின் மருந்தை மாதாமாதம் யார் வாங்கி வருகிறார்கள்? மின்கட்டணத்தை யாருடைய போனிலிருந்து கட்டுகிறீர்கள்? வங்கிக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் யார் எண்ணுக்கு வருகின்றன? ஒரு மாதம் நீங்கள் செய்வதையெல்லாம் எழுதினால் பத்துப் பன்னிரண்டு வேலையாவது தேறும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள். அவர்கள் செய்ய, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். போன பிறகு போனில் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பக்கமும் எரிச்சல்தான் மிஞ்சும்.

பேச்சை எடுக்கும்போது தேதியோடு எடுங்கள். "தனியாகப் போகலாம் என்று இருக்கிறேன்" என்றால் அது விவாதமாகிவிடும். "இத்தனை மாதம் கழித்துப் போகிறேன், இவ்வளவு சேர்த்திருக்கிறேன், மாதம் இவ்வளவு உங்களுக்கு வரும், இந்த நாட்களில் வந்து போவேன்" என்றால் கேட்பதற்கு அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். மாதம் தருகிற தொகையைக் கூட்டிச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் குறைக்காதீர்கள். முதலிலேயே குறைத்துச் சொல்வது நல்லது. சண்டை நடந்த வாரத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.

உங்கள் பெயரில் இருப்பதையும் அவர்கள் பெயரில் இருப்பதையும் பிரியுங்கள். அப்பா பெயரில் இருக்கும் சிம், குடும்ப மருத்துவக் காப்பீட்டில் உங்களுக்கு உள்ள வயது வரம்பு, கூட்டு வங்கிக் கணக்கு. காப்பீடு விட்டுப்போகும் என்றால் புதியதை முதலில் எடுத்து, அது அமலுக்கு வந்த பிறகு பழையதிலிருந்து விலகுங்கள்.

வெளிச்சம்:
ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்குவது, வெளியே விடாமல் பூட்டுவது நடக்கும் வீட்டில் இருப்பவருக்கு மேலே சொன்ன 440 பொருந்தாது. அவர் எட்டு மாதம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, தேதியை முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது. அசல் சான்றிதழ்கள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அன்றாட மருந்து இவற்றை நம்பகமான ஒருவரிடம் முதலில் சேர்த்துவிடுங்கள். வீட்டார் பார்க்க முடியாத ஒரு கணக்குக்குச் சம்பளத்தை மாற்றுங்கள். விடுதியிலோ நண்பர் வீட்டிலோ ஒரு மாதம் தங்கும் அளவுக்குப் பணம் இருந்தால் கிளம்பலாம், அதுவும் இல்லையென்றால் உதவி மையத்தை அழையுங்கள். போனில் இருப்பிடம் பகிர்வதை அணைத்துவிட்டுக் கடவுச்சொற்களை மாற்ற மறக்காதீர்கள்.

ஒத்திகை:
இதுக்கு நேரெதிரான ஆட்களும் உண்டு. 440 சேர்ந்திருக்கும், ஆனா "சோஃபாவுக்கும் சேர்த்துட்டுப் போறேன்", "டிவிக்கும் ஆகட்டும்"னு இலக்கு ஏறிக்கிட்டே போகும். நடுவில் வாடகையும் ஏறும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பகுதியில் இப்ப என்ன வாடகை சொல்றாங்கன்னு பார்த்து இலக்கை மட்டும் திருத்துங்க, சாமான் பட்டியலை நீட்டாதீங்க. முதல் ராத்திரிக்கு மெத்தை, பக்கெட், குவளை, பல்பு, பூட்டு, எக்ஸ்டென்ஷன் போர்டு, ஸ்க்ரூடிரைவர், முதலுதவிப் பெட்டி போதும். அடுப்பும் ரெண்டு பாத்திரமும் முதல் வாரத்தில். ஃபிரிட்ஜ் முதல் மாசத்துக்குள்ள. மேசை, அலமாரி எல்லாம் ரெண்டு மாசம் குடியிருந்து பார்த்தப்புறம். எந்த மூலையில் உக்காருவீங்கன்னு அதுக்கு முன்னாடி தெரியாது.

புதுச்சாவி:
எல்லாம் குறித்துக்கொண்டேன். சாமான் இறக்கும் நாளில் கவனிக்க வேண்டியது ஏதாவது?

மாடிவீடு:
சாமான் உள்ள வர்றதுக்கு முன்னாடி, காலி வீட்டை ஒவ்வொரு அறையா வீடியோ எடுங்க. ஆணி ஓட்டை, உடைஞ்ச டைல்ஸ், கீறின கண்ணாடி எல்லாத்துக்கும் கிட்டப்போய் ஒரு படம். மின்மீட்டர்ல ஓடியிருக்கிற யூனிட் தெரியற மாதிரி ஒரு படம். எல்லாத்தையும் அன்னிக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிடுங்க, அனுப்பின தேதி நிக்கும்.

ஃபிரிட்ஜைப் படுக்க வெச்சுக் கொண்டுவந்திருந்தா உடனே பிளக்கில் போடாதீங்க. கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடியிருக்கும். எவ்வளவு நேரம் படுத்திருந்துச்சோ குறைஞ்சது அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வெச்சுட்டு அப்புறம் போடுங்க. ரொம்ப நேரம் படுத்திருந்தா ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க.

வாரநாள்ல மாத்துனா வண்டி கூலி குறையும். மாசக் கடைசி, மாசப் பிறப்பு ரெண்டுலயும் கிராக்கி அதிகம். வாடகை ஆரம்பத்தை ஏழெட்டு தேதிக்குத் தள்ள வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா அதைக் கேட்டு வாங்கிடுங்க. சம்பளம் வந்தப்புறம் வாடகை கட்டுற மாதிரி மாசாமாசம் அமைஞ்சுடும்.