46 வயதில் நெடுந்தொலைவு ஓட்டம்: மூச்சு பழகிவிட்டது, குதிகால் பழகவில்லை

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. படிப்பு முடிந்த நாள் முதல் உட்கார்ந்தே செய்யும் வேலை. இரத்த அழுத்தம் கூடியதால் மருத்துவர் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார், ஈ.சி.ஜி., டிரெட்மில் சோதனை இரண்டையும் பார்த்துவிட்டு, படிப்படியாக ஓடலாம் என்றும் சொன்னார். நடையில் தொடங்கி, பிறகு நடையும் ஓட்டமும் மாறி மாறிச் செய்து, இப்போது ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடுகிறேன். மூச்சு வாங்குவது பெரிதும் குறைந்துவிட்டது.

ஆனால் காலையில் படுக்கையை விட்டு இறங்கியதும் குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில், விறைத்துக்கொண்டு வலிக்கிறது. கொஞ்சம் நடந்தால் தளர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு ஓர் அரை மாரத்தானும், அதன்பின் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் டிரையத்லானும் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த வலியோடு ஓடலாமா? 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் 174ஐ நிமிடத்துக்கான இதயத்துடிப்பின் உச்சமாக வைத்துக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கு எனக்குப் பொருந்தவே இல்லை; அது ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வயதில் இதை முழு மனதோடு மேற்கொள்வதில் பயன் உண்டா?

குதிநாண்

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நேரில் தொட்டுப் பார்க்காமல் உறுதி கூற முடியாது என்றாலும், நீங்கள் விவரிப்பது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் குதிநாணின் வலியைப் போலத் தெரிகிறது. நடுத்தர வயதில் ஓடத் தொடங்குபவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது, ஆகவே மூச்சு விரைவில் பழகிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைவாக உள்ள தசைநாண்களோ அதே சுமைக்கு உரமேறப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. மூச்சு இடம்கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது, அந்த இடைவெளிதான் வலியாக வெளிப்படுகிறது. உங்கள் வார தூரத்தை இதயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குதிநாணை வைத்து முடிவு செய்யுங்கள்.

முழு ஓய்வு இதற்கு மருந்தன்று. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாண் வலுப்பெறாது. விரல்களால் நாணை மெல்லக் கிள்ளிப் பாருங்கள். எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, இரண்டு கால்களாலும் குதிகாலை உயர்த்தி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி நல்ல பலன் தரும். 1998இல் வெளியான, ஆல்ஃபிரட்சன் என்ற ஸ்வீடன் மருத்துவரின் முறைப்படி, முழங்காலை நீட்டி ஒரு முறையும் சற்று மடக்கி ஒரு முறையும், 15 தடவை வீதம் மூன்று சுற்றுகள், நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள் செய்ய வேண்டும். எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் படி வேண்டாம். குதிகாலைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

ஓடும்போது வலி பொறுக்கும்படி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கி, வாரத்துக்கு வாரம் கூடாமல் இருந்தால் தூரத்தைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். திடீரென்று பின்னால் யாரோ உதைத்தது போன்ற வலி ஏற்பட்டு, அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃபுளோரோகுயினோலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவற்றை யாராவது எழுதிக்கொடுக்கும்போது நீங்கள் ஓடுபவர் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சீரோட்டம்

துடிப்புக் கணக்கு பொருந்தாததற்குக் காரணம் உங்கள் மாத்திரைதான். பீட்டா பிளாக்கர் இதயத்துடிப்பு ஏறுவதைத் தடுத்து நிறுத்துவதால், நீங்கள் உங்கள் எல்லைக்கே வந்துவிட்டபோதும் கடிகாரம் அதை எளிய ஓட்டம் என்றே காட்டும். அந்த எண்ணை எட்ட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டுவது உங்கள் நிலையில் ஆபத்தானது. மாத்திரை எடுக்காதவர்களுக்குக்கூட 220 என்ற கணக்கு ஒரு சராசரிதான். 2001இல் வெளியான டனாகா குழுவினரின் ஆய்வு, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது, அதிலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புகள் கூடலாம், குறையலாம்.

பேச்சை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஓடியபடியே முழு வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால் அது எளிய ஓட்டம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடின ஓட்டம். வாரத்தின் ஓட்டத்தில் பெரும்பகுதி முதல் வகையாக இருக்கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஓட்டம் உங்களுக்கு முக்கியம் என்று தெரிவித்து, வேறு வகை மருந்து பொருந்துமா என்று மருத்துவரையே கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

வைகறை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கிள்ளிப் பார்த்ததில் வலி நாணின் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. எனில், எடை தூக்கும் பயிற்சியும் எனக்குத் தேவையா? ஓட்டத்துக்கே நேரம் போதவில்லை.

நெடுவழி

தேவை, தம்பி. நேரம் போதாவிட்டால் ஓட்டத்தில் ஒரு நாளைக் குறைத்தாவது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் நாற்பதுகளின் நடுவில் தொடங்கியவள்தான். இப்போது அறுபதை நெருங்குகிறேன். வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைகிறது, அதை ஓட்டம் மட்டும் தடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் படியேறுதல், குதிகால் உயர்த்துதல், தரையிலிருந்து பாரம் தூக்குதல் ஆகியவற்றை எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்தால் அரை மணி நேரம் போதும்.

பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உடல் உழைப்பு இல்லாதவர்களுக்கு, உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு மெதுவாக நிகழ்கிறது. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பியூடர் 48ஆம் வயதில்தான் ஓடவே தொடங்கினார். 2012இல், 82ஆம் வயதில், 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்ட அயர்ன்மேன் போட்டியை 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். எல்லோராலும் அவரைப் போல ஆக முடியும் என்று நான் சொல்லவில்லை. 46 வயதில் கதவு மூடிவிடவில்லை என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் குதிநாண் தேறும் வரை டிரையத்லானை முன்னால் வைத்து, அரை மாரத்தானைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் என்ற ஸ்பிரிண்ட் வகைக்குத் தேவையான ஓட்டத் தூரம் ஏற்கெனவே உங்கள் கைவசம் இருக்கிறது. சைக்கிளும் நீச்சலும் குதிகாலைத் தரையில் மோதவிடாமல் இதயத்துக்கு உழைப்பைக் கொடுக்கும். நீச்சல் புதிது என்றால் இப்போதே பயிற்சியாளர் ஒருவரிடம் சேருங்கள். பெரியவர்களுக்கு நீரில் மூச்சு விடப் பழகுவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக காலம் பிடிக்கிறது.