செஸ்ஸில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும்போது டிராவுக்குக் கை கொடுக்கலாமா?

மண்டைக்காட்டான்: நாகர்கோவிலில் நடந்த செஸ் ரேட்டிங் போட்டியில் பார்த்தது. கறுப்பில் ஆடிய பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ரேட்டிங் (திறமைப் புள்ளி) 1480, எதிரே ஆடியவருக்கு 2110. யானை முடிவாட்டம், அதாவது ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டுமே மிச்சம். ராஜா பக்கம் பையனுக்கு நாலு சிப்பாய், அவருக்கு மூன்று, மறுபக்கம் காலி. அவர் டிரா கேட்டார், பையன் உடனே கை கொடுத்துவிட்டான். கடிகாரத்தில் அவருக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை! இதில் என்ன அவசரம்?

தக்கலைக்காரன்: தம்பி, ஒரே பக்கம் நாலுக்கு மூன்று என்றால் புத்தகப்படி டிராதான். கணக்கும் பாருங்கள். 630 புள்ளி வித்தியாசம் இருந்தாலும் 400 என்றுதான் எடுப்பார்கள். அதன்படி இந்த ஆட்டத்தில் பையன் எடுப்பான் என்று எதிர்பார்ப்பது 0.08 புள்ளி, டிரா என்றால் 0.5. 18 வயதுக்குள் என்பதால் கே, அதாவது அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண், 40. டிராவுக்கே ரேட்டிங் 16.8 ஏறும்.

மண்டைக்காட்டான்: ஜெயித்தால் 36.8 அண்ணே, அதை விட்டுவிட்டீர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப் கடைசி ஆட்டத்தில் குகேஷும் கறுப்புதான், எதிரே சாம்பியன் டிங். ஒரே பக்கம் மூன்றுக்கு இரண்டு சிப்பாய், ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி (பிஷப்). டிரா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் தப்பாக வைத்தார், கதை முடிந்தது.

தக்கலைக்காரன்: எதற்கெடுத்தாலும் குகேஷா? நம் பையன் காலையில் நாலு மணி நேரம் ஆடிவிட்டு வந்த பிள்ளை.

குழித்துறை வாசி: இடையில் ஒரு சந்தேகம். டிரா கேட்டது எப்போது? நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அமுக்கும் முன்பு கேட்பதுதான் முறை.

மண்டைக்காட்டான்: அமுக்கிவிட்டு, பையன் யோசிக்கும்போது கேட்டார்.

குழித்துறை வாசி: அப்படிக் கேட்டாலும் செல்லும். ஆனால் தொந்தரவு என்று நடுவரிடம் சொல்லியிருக்கலாம். பெரிய ரேட்டிங்காரர் கேட்டால் சின்னப் பிள்ளைகள் மரியாதைக்கே கை நீட்டிவிடும், இது நம் ஊரில் புதிதில்லை.

தக்கலைக்காரன்: மரியாதையோ என்னவோ, வெள்ளை ஓரத்துச் சிப்பாயை ஹெச்4 கட்டத்துக்குத் தள்ளி வைத்திருந்தால் இவன் ராத்திரி வரை ஆடினாலும் உடைக்க முடியாது.

மண்டைக்காட்டான்: தள்ளவே இல்லையே! சிப்பாய் ஹெச்2-விலேயே நின்றது, நகர்வு பையனுடையது. அவன் தன் சிப்பாயை ஜி5-க்குத் தள்ளியிருந்தால் ஹெச்4-க்கு வழியே கிடையாது.

தக்கலைக்காரன்: ஓ, அப்படியா? சரி, பத்து இருபது நகர்வு இழுத்துப் பார்த்திருக்கலாம். ஆனாலும் 2110-இடம் அரைப் புள்ளி வாங்கியவனைத் திட்ட நான் வரமாட்டேன்.