புதுப்பிப்பு: மறுகால்தலைக் குகையும் நெல்லை நகரும்

மறுகால்தலைச் சமணர் குகையையும் நெல்லை நகரையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்க்க இயலுமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். விடியலிலேயே கிளம்பச் சொன்னவர்களுக்கு நன்றி. பாறை சுடுவதற்குள் ஏறிவிட்டோம். குகையின் நெற்றியில் வெட்டப்பட்டுள்ள, தமிழி எனும் பழந்தமிழ் வரிவடிவ எழுத்துகளை வழிகாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்ட, காசிபன் என்பவர் கொடுத்த கற்படுக்கையைப் பற்றிய அவ்வரியை, எழுபது வயதான என் தகப்பனார் குழந்தையைப் போல எழுத்துக்கூட்டிப் படித்தார். நெல்லையப்பர் கோயிலில் நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் இசைத்தூண்களை அவசரமாகப் பார்த்ததோடு சரி. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிய சுற்றுலா ஏற்பாட்டாளர்கள், சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்து 1843இல் திறக்கப்பட்ட தாமிரபரணிப் பாலத்தில் வேனை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.