நீர்க்காகத்தைச் சுடுவதா, குளத்தை வலையால் மூடுவதா?

கரைமேடு:
பெரிய நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக்கிலோ மீன் தின்னும். மீன் வளர்க்கும் குளத்தில் 100 பறவைகள் இறங்கினால் 50 கிலோ. கொத்துப்பட்டுத் தப்பிய மீன்கள் புண் பழுத்துச் சாவது தனிக்கணக்கு. வேட்டுச் சத்தமும் பொம்மையும் சில நாளில் அவற்றுக்குப் பழகிவிடும். பண்ணைக்காரருக்குச் சுட அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

நாணல்:
அதையும் செய்து பார்த்தாயிற்று ஐயா. அமெரிக்காவின் சில மாநிலங்களில் 1998 முதல் மீன் வளர்ப்போர் தனி உரிமம் இல்லாமலே நீர்க்காகத்தைச் சுடலாம் என்று இருந்தது; 2016-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் பறவைகள் வருவது நின்றதா? வலசை வருபவை. பத்தைச் சுட்டால் வேறு பத்து வரும்.

கரைமேடு:
வெறும் சத்தத்துக்கு அஞ்சாதவை, கூட்டத்தில் ஒன்று விழுந்தால் அஞ்சும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலைவாய்:
கடலிலும் இதே வழக்குதான். கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கும் பண்ணைகளுக்காகக் கடல்நாய்களை (சீல்) சுட உரிமம் தருவதை ஸ்காட்லாந்து 2021-ல் நிறுத்தியது. ஒலியெழுப்பி விரட்டும் கருவிகளோ, ஒரு குற்றமும் செய்யாத, டால்பின் போன்ற கடற்பன்றிகளையும் சேர்த்து விரட்டுகின்றன. தொய்ந்த வலையைக் கடல்நாய் உள்ளே தள்ளி, வெளியிலிருந்தபடியே மீனைக் கடித்துவிடும். ஆகவே வலையை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். அடியில் சேரும் செத்த மீனை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.

கரைமேடு:
கூண்டு வேறு, குளம் வேறு. பல ஏக்கர் நீர்ப்பரப்பின்மேல் வலையைப் போர்த்திப் பாருங்கள். ஒரு பெருங்காற்றுக்குத் தாங்காது.

நாணல்:
எல்லாக் குளத்தையும் யார் மூடச் சொன்னது? குஞ்சு வளரும் நாற்றங்கால் குளத்தை மூடுங்கள். பறவையால் விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்தபின் பெரிய குளத்தில் விடுங்கள். மெல்லிய நைலான் இழை மட்டும் வேண்டாம், பறவை சிக்கித் தொங்கியே சாகும். கண்ணுக்குத் தெரியும் தடித்த வலை போதும். நாரைக்கு நின்று மீன் பிடிக்க ஆழமில்லாத இடம் வேண்டும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் கால் ஊன்ற வழியில்லை. நீர்நாய்க்குத் தரையொட்டிய மின்வேலி.

கரைமேடு:
வலை, வேலி, கரை வெட்டு எல்லாம் யார் செலவு? பறவை எல்லோருக்கும் பொது, நட்டம் மட்டும் எனக்கா?

நாணல்:
கேள்வி நியாயம்தான். ஆனால் இழப்பீடு கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? சிறுத்தை அடித்த ஆட்டுக்கு உடலாவது கிடக்கும். பறவை விழுங்கிய மீனுக்குச் சாட்சி ஏது? ஆகவே தடுப்புச் செலவில் அரசு பங்கு கொடுக்கட்டும் என்பதே என் வாதம். பெரிய குளத்துக்கு ஒரு வழி: பகலில் நீரில் விரட்டுவதைவிட, மாலையில் அவை அடையும் மரங்களில் தொடர்ந்து கலையுங்கள். கூட்டம் இடம் மாறும்.

அலைவாய்:
மாறும், சரி. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டீர்களா?